படகில் அரைச்சீட்டு இல்லை

சென்ற தை மாதத்து மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை நமது சங்கத்துக் குடும்பங்கள் ஹூக்ளி நதியில் படகேறிச் சந்தன்நகர் வரை சென்று வந்த செய்தியைக் கொல்கத்தாவில் உள்ள அன்பர்கள் பலரும் அறிவார்கள். அந்தப் பிரயாணத்தைப் பற்றி எழுதித் தருமாறு ஆசிரியர் கேட்டபோது நான் சற்றுத் தயங்கினேன். படகை ஏற்பாடு செய்தவன் நான். அந்த ஏற்பாட்டில் நேர்ந்த பெரும் பிழையும் என்னுடையதே. ஆயினும், வேறு நகரங்களில் வாழும் நம்மவர்களும் இத்தகைய பிரயாணங்களுக்குத் திட்டமிடுவார்கள். ஒருவன் இடறிய கல்லைப் பிறருக்குக் காட்டுவது கடமை என்று கருதி எழுதத் துணிந்தேன்.

காணும் பொங்கலன்று கட்டுச்சாதம் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்கோ கடற்கரைக்கோ போவது ஊரில் நமக்கு வழக்கம். இங்கே பிறந்து வளரும் நம் குழந்தைகளுக்கு அந்த இன்பத்தைக் காட்ட வேண்டும் என்பது காரியதரிசியின் நெடுநாளைய ஆசை. ஆனால் பொங்கலை ஒட்டிய நாட்களில் கொல்கத்தாவின் படித்துறைகளில் நமக்கு இடம் கிடைக்காது. மகர சங்கராந்தி நீராடலுக்காகக் கங்காசாகரம் செல்லும் யாத்திரிகர்கள் நாட்டின் பல திசைகளிலிருந்தும் வந்து பாபுகாட் துறையில் தங்குவார்கள். ஆகவே, கூட்டம் கலைந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று தீர்மானித்தோம். படகு பேசும் பொறுப்பு என்னிடம் வந்தது. இரயில்வேயில் குமாஸ்தாவாக இருப்பவனுக்குப் பிரயாண விஷயங்கள் எல்லாம் அத்துபடியாயிருக்கும் என்று கமிட்டியார் நம்பினார்கள். நானும் அவ்வாறே நம்பினேன்.

துறையில் நான்கு மாலை நேரங்களைச் செலவிட்டு நான் தெரிந்துகொண்டவற்றை முதலில் சொல்லுகிறேன். இந்நதியில் வாடகைக்குக் கிடைக்கும் படகுகளைப் பொதுவாக மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, வளைந்த கூரையிட்ட நாட்டுப் படகு, துடுப்பால் வலிக்கப்படுவது, நாலைந்து பேர் மாலையில் ஒரு மணி நேரம் சுற்றி வர ஏற்றது. இரண்டாவது, டீசல் எஞ்சின் பொருத்திய பெரிய மரப்படகு. அது போகும்போது எழும் ஓசையைக் கொண்டே வங்காளிகள் அதற்குப் ‘பட்பட்டி’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் கைப்பிடிக் கம்பிகள் இராது. மூன்றாவது, தளமும் பெஞ்சுகளும் சுற்றிலும் கம்பித் தடுப்பும் கழிப்பிடமும் கொண்ட லாஞ்சு. குழந்தைகளும் முதியோரும் கலந்த பெருங்கூட்டத்துக்கு மூன்றாவதே தகும். இரண்டாவது வகைக்கு வாடகை வெகு குறைவு என்பது உண்மை. அந்த வித்தியாசத் தொகையை மிச்சப்படுத்த வேண்டுமென்று கமிட்டியில் ஒருவர் வாதித்தார், பெண்மணிகள் இடங்கொடுக்கவில்லை.

நாங்கள் பேசிய லாஞ்சின் உரிமையாளர் தம்முடைய அத்தாட்சிப் பத்திரத்தைத் தாமே எடுத்துக் காட்டினார். உள்நாட்டு நீர்வழிகளில் எஞ்சினால் ஓடும் கலங்களுக்குப் பதிவும், தகுதிச் சோதனையும், காப்புறுதியும் வேண்டும். 1917ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2021இல் இயற்றப்பட்ட சட்டம் இவற்றை வலியுறுத்துகிறது. அந்தப் பத்திரத்தில் ‘பிரயாணிகள் 60’ என்று தெளிவாக எழுதியிருந்தது. நான் வீட்டுக்கு வந்து, சந்தா செலுத்தியவர்களின் பட்டியலை எடுத்துக் கணக்கிட்டேன். பெரியவர்கள் 48 பேர், ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் 18 பேர், அவர்களுக்கு அரைச்சீட்டாக 9, ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள் 5 பேர், அவர்களுக்குச் சீட்டில்லை. ஆக 57. இன்னும் மூவருக்கு இடம் இருக்கிறதே என்று மகிழ்ந்து முன்பணத்தைக் கட்டி இரசீது பெற்றேன். சட்டைப்பையில் அந்த இரசீதை வைத்துக்கொண்டு மூன்று வாரம் பெருமையுடன் திரிந்தேன்.

நதியின் நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொல்கத்தா கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருந்தபோதிலும், கடலின் ஏற்றமும் வற்றமும் இங்கே நாள்தோறும் இருமுறை வந்து போகின்றன. ஏற்றத்தை வங்காளிகள் ‘ஜோயார்’ என்றும், வற்றத்தைப் ‘பாட்டா’ என்றும் சொல்லுகிறார்கள். ஏற்றத்தின்போது நதி மேல்நோக்கி ஓடும். வடக்கே போக வேண்டிய படகு அந்த ஓட்டத்தோடு புறப்பட்டு, வற்றத்தோடு திரும்புமானால் எரிபொருளும் மிச்சம், நேரமும் மிச்சம். இந்நேரங்கள் ஆண்டுதோறும் அட்டவணையாக அச்சிடப்படுகின்றன. ஆனால் நமது இரயில்வே அட்டவணையைப் போல் இன்றைக்கு ஏழு மணி என்றால் நாளைக்கும் ஏழு மணி என்று இராது; நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் பின்தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிச் சில பருவங்களில் ஏற்றம் சுவர்போல் எழுந்து வருவதும் உண்டு. அதற்குப் ‘பான்’ என்று பெயர். அது வரும்போது கரையோரத்தில் நிற்கும் படகுகளை நடு ஆற்றுக்குக் கொண்டுபோவது இங்குள்ள படகோட்டிகளின் வழக்கம். அலை கரையிலேதான் உடைந்து சீறும். ஆகையால் புறப்படும் நாளையும் நேரத்தையும் நம் வசதியைக் கொண்டு முடிவு செய்தல் கூடாது. படகோட்டியைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். எங்கள் நாளில் காலை ஏழரை மணிக்குப் புறப்பட வேண்டும் என்று லாஞ்சின் சாரங்கு சொல்லியிருந்தார். படகைச் செலுத்தும் தலைவருக்கு இங்கே சாரங்கு என்று பெயர். அறுபது வயதைத் தாண்டியவர். கிழக்கு வங்கத்து உச்சரிப்பு. சொற்ப வார்த்தைகளே பேசுவார்.

ஞாயிறு காலையில் நதியின்மேல் மெல்லிய பனிப்படலம் கிடந்தது. பாபுகாட் துறையில் 1830இல் எழுப்பப்பட்ட பெருந்தூண் மண்டபத்தினடியில் நம் குடும்பங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. லேக் மார்க்கெட் பக்கத்திலிருந்து வந்தவர்கள் இட்லிப் பாத்திரங்களையும், புளியோதரை, தயிர்சாதத் தூக்குகளையும் கொண்டுவந்தார்கள். படகில் அடுப்பு மூட்டக்கூடாது என்று முன்னமே சொல்லியிருந்தபடியால் எல்லாம் வீட்டிலேயே சமைக்கப்பட்டிருந்தன. மிதவைத் துறையிலிருந்து படகுக்குச் செல்லும் வாயிலில் சாரங்கு நின்றுகொண்டு, ஏறுகிறவர்கள் ஒவ்வொருவரையும் விரல் மடக்கி எண்ணினார். கைக்குழந்தையையும் எண்ணினார். அதைக் கண்டபோதே என் வயிற்றில் ஏதோ புரண்டது. அறுபதாவது ஆள் ஏறியதும் அவர் தம் கையை வாயிலுக்குக் குறுக்கே நீட்டினார். மிதவையில் பதினொரு பேர் நின்றுகொண்டிருந்தோம்.

நான் பட்டியலைக் காட்டி, 57 பேர்தான் என்று வாதித்தேன். அவர் அதை வாங்கிப் பார்க்கவும் இல்லை. “அரை மனிதன் எங்கே இருக்கிறான், காட்டுங்கள்” என்று வங்காளியில் கேட்டார். என்னால் விடை சொல்ல முடியவில்லை. 48, 18, 5. கூட்டினால் 71. இரண்டாம் வகுப்புப் பிள்ளையும் கூட்டிவிடக்கூடிய கணக்கு. இரயிலில் சீட்டு என்பது பணத்தின் கணக்கு; குழந்தைக்கு இரங்கி அதில் பாதியைத் தள்ளுகிறார்கள். படகின் கணக்கோ வேறு. நீர் யாருக்கும் தள்ளுபடி கொடுப்பதில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் இரயில்வேயில் எழுதிய கை, பழக்கத்தின் வேகத்தில் யோசியாமல் எழுதிவிட்டது.

சச்சரவு எழுந்தது. நம்மில் மூத்தவர் ஒருவர், நல்ல மனிதர்தாம், கோபித்துக்கொண்டார். “குழந்தைகள் மடியில் உட்காரட்டும்; பத்துப் பேர் கூடினால் கப்பலா கவிழ்ந்துவிடும்? மேற்கொண்டு பணம் தருகிறோம் என்று சொல்லுங்கள், தம்பி” என்றார். நான் அந்த வார்த்தையையும் மொழிபெயர்த்துச் சொன்னேன். இன்று அதற்காக வெட்கப்படுகிறேன். சாரங்கு கோபிக்கவில்லை. இருக்கையின் கீழிருந்த மிதவைச் சட்டைகளைக் காட்டி, “இவை அறுபதுக்குத்தான். பதினோரு பேருக்குப் பணத்தையா கட்டிவிடுவீர்கள்?” என்று கேட்டுவிட்டு, எஞ்சினை நிறுத்திவிட்டார். ஏற்றமோ நமக்காகக் காத்திராமல் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது தளத்தின் முன்பெஞ்சில் இருந்த பாட்டி ஒருவர் மெல்ல எழுந்தார். கங்கையில் படகேறிப் பார்க்க வேண்டும் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். விடியுமுன்னரே நீராடிவிட்டு வந்தவர். “ஏண்டா அப்பா, நான் ஒருத்தி இறங்கினால் ஓர் இடம் ஆகாதா? வாசலில் நிற்கிற குழந்தை ஏறட்டும், நான் வீட்டுக்குப் போகிறேன்” என்றார். அதைக் கேட்டதும் எனக்குத் தலை நிமிரவில்லை. பிழை செய்தவன் நான். இடம் விடுகிறவர் அவரா? “பாட்டி, உட்காருங்கள்” என்று சொல்லிவிட்டு, நான் இரயிலில் சந்தன்நகர் வந்து சேர்ந்துகொள்வதாகக் கூட்டத்தாருக்கு உரக்க அறிவித்தேன். வாலிபர்கள் எழுவர் உடனே முன்வந்தார்கள். பிறகு புதிதாக மணமான ஒரு தம்பதியர். கடைசியாகச் சங்கத்தின் பொருளாளர். மிதவையில் நின்ற தாய்மாரும் குழந்தைகளும் ஏறினார்கள். நாங்கள் பதினொருவர் கரையில் நின்றோம். என் மனைவியும் ஏழு வயது மகளும் படகிலே இருந்தார்கள். கயிறு அவிழ்க்கும் சமயத்தில் மகள் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “அப்பா, உங்களுக்கு டிக்கெட் இல்லையா?” என்று கூவினாள். தளத்திலிருந்தோர் யாவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேனே தவிர, உள்ளே அவ்வளவு சிரிப்பில்லை. மணி எட்டு பத்து.

நாங்கள் பொதுப் படகில் ஆற்றைக் கடந்து ஹௌராவை அடைந்தோம். பாண்டேல் செல்லும் லோக்கல் வண்டியைப் பிடித்தோம். 1854ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் தேதி கிழக்கிந்தியாவின் முதல் பிரயாணி வண்டி ஹௌராவிலிருந்து ஹூக்ளி வரை 24 மைல் ஓடியது இதே தடத்தில்தான். வழக்கமாக அதை நண்பர்களுக்கு எடுத்துச் சொல்லுவதில் எனக்குப் பெரிய உற்சாகம். அன்று வாய் திறக்கவில்லை. லிலுவா, பேலூர், பாலி, ஸ்ரீராம்பூர், பத்ரேஸ்வர் என நிலையங்கள் ஓடின. நதி எப்போதும் வலப்புறத்தில் எங்கேயோ மறைந்து வந்தது. பத்து மணிக்குமுன் சந்தன்நகர் போய்ச் சேர்ந்தோம். நிலையத்துக்கு வெளியே ‘டோட்டோ’ எனப்படும் மின்சார ரிக்‌ஷாவில் ஏறி நதிக்கரைச் சாலைக்கு வந்த பிறகுதான் ஓர் உண்மை புலப்பட்டது: இட்லியும் புளியோதரையும் முழுமையாகப் படகிலே இருந்தன! மரத்தடியில் கச்சோரியும் தேநீரும் வாங்கிப் பசியாறினோம்.

சந்தன்நகர் நமக்கு அந்நிய ஊர் அன்று. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் புதுச்சேரிக்குக் கீழ்ப்பட்டிருந்த ஊர் இது. டூப்ளே 1731 முதல் இங்கே தலைவராயிருந்து வாணிபத்தைப் பெருக்கி, 1742இல் புதுச்சேரிக்குக் கவர்னராய் வந்தார். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் நாம் காணும் டூப்ளே அவர்தாம். 1949இல் மக்கள் வாக்களித்து இந்தியாவுடன் சேர விரும்பினார்கள்; 1950இல் ஆட்சி கைமாறியது; 1954 அக்டோபரில் ஊர் மேற்கு வங்கத்தோடு இணைந்தது. அதற்கு அடுத்த மாதமே புதுச்சேரியும் இந்திய ஆட்சிக்கு வந்தது. நதியோரம் நேராகச் செல்லும் அகன்ற நடைபாதை, மரநிழல், கல் இருக்கைகள் ஆகியவற்றைப் பார்த்தபோது புதுச்சேரியைச் சேர்ந்த வாலிபர் ஒருவர், “எங்கள் ஊர்க் கடற்கரைச் சாலைக்குத் தங்கை இது” என்றார். 1884இல் எழுந்த தேவாலயத்தையும், டூப்ளேயின் பெயரால் வழங்கும் மாளிகையிலுள்ள பொருட்காட்சிச் சாலையையும் பார்த்தோம். படகில் வருபவர்களுக்காக, உள்ளே பாகு ததும்பும் ‘ஜல்பரா’ சந்தேஷ் வாங்கிக்கொண்டோம். தவறு செய்தவன் இனிப்பு வாங்குவது உலக வழக்கம்.

படகு பன்னிரண்டு நாற்பதுக்கு வந்தது. புறப்பாட்டில் நாற்பது நிமிடம் வீணானதால் ஏற்றத்தின் கடைசிப் பகுதி கைவிட்டுப் போய், ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதம். குழந்தைகள் ஒருவரையொருவர் முந்திக்கொண்டு கண்டவற்றைச் சொன்னார்கள். 1943இல் திறந்த ஹௌராப் பாலத்தின் அடியில் போனார்களாம். அதில் திருகாணியே கிடையாதாம், எல்லாம் தறையாணிதானாம். தண்ணீருக்கும் கீழே மெட்ரோ இரயில் ஓடுகிறதாம். 2024இல் திறந்த அந்தச் சுரங்கப்பாதைக்கு மேலே நாமெல்லோரும் மிதந்தோமே என்றாள் என் மகள். ஸ்ரீராம்பூரைக் கடந்தபோது நம் ஆசிரியர் ஒருவர் அவர்களுக்குச் சொன்ன விஷயம் எனக்கும் புதிது: டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியைப் போலவே ஸ்ரீராம்பூரையும் ஆண்டு, 1845இல் இரண்டையும் ஒரே உடன்படிக்கையால் ஆங்கிலேயருக்கு விற்றார்களாம். ஆக, வங்காள நதியொன்றில் ஒருநாள் போனால் தரங்கம்பாடிக்கும் புதுச்சேரிக்கும் உறவான இரண்டு ஊர்களைப் பார்க்கலாம். அயலூரில் வாழும் நம் குழந்தைகளுக்கு இதைக்காட்டிலும் நல்ல பாடம் ஏது?

உணவுக்குப் பிறகு, திரும்பும் பிரயாணத்தில் பதினொரு பேர் மாறிக்கொள்ள வேண்டும் என்றேன். காலையில் கோபித்த பெரியவர் முதலில் எழுந்தார். “நான் இரயிலில் போகிறேன், தம்பி. போகும்போது நதியைக் கண்டாயிற்று. நீங்கள் காண வேண்டாமா?” என்று சொல்லி, தம் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். இன்னும் பத்துப் பேர் அவரைத் தொடர்ந்தார்கள். இரண்டு மணிக்கு வற்றத்தோடு புறப்பட்டோம். சாரங்கு மறுபடியும் விரல் மடக்கி அறுபது எண்ணினார். இம்முறை நானும் அவருடன் எண்ணினேன்.

அவர் கணக்கின் அருமை மாலை நான்கு மணியளவில் எனக்கு விளங்கிற்று. இடக்கரையில், இராணி ராஸ்மணி கட்டி 1855இல் குடமுழுக்குச் செய்வித்த தட்சிணேஸ்வரக் காளி கோயிலின் ஒன்பது சிகரங்களும், ஆற்றோரத்துப் பன்னிரண்டு சிவன் சந்நிதிகளும் மாலை வெயிலில் தோன்றின. யாரோ, “அம்மா தெரிகிறாள்!” என்றார்கள். அவ்வளவுதான், பாட்டி முதல் பாலகர் வரை அனைவரும் எழுந்து கும்பிடுவதற்காக இடப்பக்கம் சென்றார்கள். படகு அந்தப் பக்கமாகச் சாய்ந்தது. பெஞ்சின்மேல் இருந்த தூக்குப் பாத்திரம் ஒன்று உருண்டு தடுப்பில் மோதிற்று. தடுப்புக்குக் கீழே எப்போதும் முழங்கை அளவு தாழ இருந்த நீர், இப்போது கைக்கெட்டும் தூரத்தில் கறுத்து ஓடியது. சாரங்கு எஞ்சினைத் தணித்து, “போஷுன்! போஷுன்!” என்று அலறினார். உட்காருங்கள் என்று பொருள். நான் என் மகளைப் பிடித்து இழுத்துக்கொண்டு வலப்பக்கம் ஓடினேன். மற்றவர்களையும் ஒவ்வொருவராகத் திருப்பினோம். படகு நிமிர்ந்தது. அரை நிமிடம்கூட ஆகியிராது. ஒருவரும் பேசவில்லை.

2009ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் தேதி தேக்கடி ஏரியில் உல்லாசப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டதை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். மாண்டவர்களில் தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்களும் பலர். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் அளவுக்கு மிஞ்சி ஆட்களை ஏற்றிய படகு கவிழ்ந்து 22 உயிர்கள் போயின. அவற்றில் குழந்தைகள் பலர். செய்தித்தாளில் படித்தபோது, யாரோ பேராசை பிடித்த படகுக்காரர் என்றே நினைத்திருந்தேன். ஏறுகிறவர்களின் பக்கத்திலும் ஒருவன், பணம் தருகிறோம் என்று மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டு நிற்கக்கூடும் என்பது அன்றுதான் உறைத்தது. அறுபது பேர் ஒருபுறம் சேர்ந்தபோதே படகு அப்படிச் சாய்ந்தது. எழுபத்தொருவர் இருந்திருந்தால்? அந்த வினாவை நான் என் மனைவியிடம்கூடக் கேட்கவில்லை.

படகு பேசப் போகும் அன்பர்களுக்குச் சில விண்ணப்பங்கள். முதலாவதாக, பத்திரத்தில் எழுதிய எண்ணைக் கண்ணால் பாருங்கள். அதற்கு ஐந்தாறு பேர் குறைவாகவே பட்டியலை முடித்துவிடுங்கள். பிறந்த குழந்தையும் ஓர் ஆள். சமையற்காரரும் ஓர் ஆள். மிதவைச் சட்டைகளைப் புறப்படும் நாளுக்குமுன்பே எண்ணுங்கள். குழந்தைகளின் அளவில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். வாடகை மணிக்கணக்கிலா, நாள்கணக்கிலா, எரிபொருளும் துறைக் கட்டணமும் அதில் அடங்குமா என்பதை எழுத்தில் பெறுங்கள். பலகை வைத்து ஏறும் கரையைத் தவிர்த்து, மிதவைத் துறை உள்ள இடத்தில் ஏறுங்கள். படகோட்டிகளுக்கும் சேர்த்து உணவு கொண்டுபோங்கள். இலையையும் காகிதத்தையும் நதியில் எறியாமல் கோணிப்பையில் திரட்டிக் கரைக்குக் கொண்டுவாருங்கள். காட்சி எந்தப் பக்கம் வந்தாலும் உட்கார்ந்தபடியே பார்ப்பதென்று புறப்படுமுன் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, படகோட்டி மாட்டேன் என்று சொன்னால், அவருடன் வாதாட வேண்டாம்.

ஐந்தரை மணிக்குப் பாபுகாட் துறையில் இறங்கினோம். ஹௌராப் பாலத்தில் விளக்குகள் ஏற்றப்பட்டிருந்தன. இரயிலில் திரும்பியவர்கள் எங்களுக்கு முன்பே வந்து தூண் மண்டபத்தடியில் காத்திருந்தார்கள். பாட்டி ஒரு சிறு செம்பில் கங்கை நீர் எடுத்து வைத்திருந்தார். நான் மீதிப் பணத்தைக் கொடுத்துவிட்டு, சாரங்குக்கு இரு சந்தேஷும் ஒரு வணக்கமும் அளித்தேன். அவர் இனிப்பை வாயிலிட்டுக்கொண்டு, “அடுத்த வருஷம் எத்தனை பேர்?” என்று கேட்டார். “ஐம்பத்தைந்து. எல்லாம் முழு ஆட்கள்” என்றேன்.

அடுத்த ஆண்டுப் பிரயாணத்துக்கான பட்டியல் சங்க அலுவலகத்தில் இப்போதே திறக்கப்பட்டிருக்கிறது. பெரியவர், குழந்தை என்று அதில் தனித்தனிப் பத்திகள் இல்லை. தலை என்ற ஒரே பத்திதான் போட்டிருக்கிறேன். விருப்பமுள்ள குடும்பத்தார் கைக்குழந்தைகளின் பெயரையும் சேர்த்து எழுதுமாறு கேட்டுக்கொள்ளுகிறேன்.